அல்சைமர் நோய்க்குக் கொலஸ்ட்ரால் மாத்திரை மருந்தாகுமா?

#1 மாலைவெயில்

என் தாயாருக்கு 74 வயது. அல்சைமர் நோயின் தொடக்க நிலை என்று சென்ற ஆண்டு உறுதிசெய்யப்பட்டு, டோனெப்பெசில் என்னும் மறதிநோய் மருந்தை உட்கொண்டு வருகிறார். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கொலஸ்ட்ராலைக் குறைக்க, ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையும் எடுத்து வருகிறார். உறவினர் ஒருவர், மறதிக்கே அந்த ஸ்டாட்டின்தான் காரணம், உடனே நிறுத்திவிடுங்கள் என்கிறார். இன்னொருவரோ, அதே மாத்திரையின் அளவைக் கூட்டினால் மறதிநோய் மட்டுப்படும், ஆய்வுகளே அப்படிச் சொல்கின்றன என்கிறார். ஒரே மாத்திரை நோயைக் கொடுப்பதாகவும் தீர்ப்பதாகவும் பேசப்படுவதைக் கேட்டுக் குழம்பிப்போயிருக்கிறேன். மாற்றுவதையும் நிறுத்துவதையும் மருத்துவரோடு பேசித்தான் முடிவுசெய்வேன். அதற்காக இங்கே வரவில்லை. இந்த இரண்டு பேச்சுகளும் எங்கிருந்து கிளம்பின, எதன் பின்னால் எவ்வளவு சான்று இருக்கிறது என்று இத்துறையைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

#2 வேதிவாசகன்

அம்மா, நான் மருத்துவன் அல்லன், உயிர்வேதியியல் கற்பித்தவன். இரண்டாவது பேச்சுக்கு வேர் இருக்கிறது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடுதான். ஆனால் உடலில் உள்ள கொலஸ்ட்ராலில் 20 முதல் 25 விழுக்காடு வரை அங்கே குடியிருக்கிறது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறைக்கும், நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடும் சந்திப்புகளுக்கும் அது இன்றியமையாதது. இரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து மிதக்கும் எல்டிஎல் துகள்கள் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டுவதில்லை. ஆகவே மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. வளர்ந்தவர்களின் மூளையில் இந்த வேலை பெரும்பாலும் ஆஸ்ட்ரோசைட் என்னும் துணையணுக்களுடையது. அவை கொலஸ்ட்ராலை அபோ-ஈ என்ற புரதத்தின் மேல் ஏற்றி நரம்பணுக்களுக்கு அனுப்புகின்றன. 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ரோசஸ் குழுவினர் அல்சைமர் நோயோடு தொடர்புபடுத்திக் காட்டியது இந்த அபோ-ஈ மரபணுவின் நான்காம் வகையைத்தான். கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதம், முதுமையில் வரும் அல்சைமர் நோயின் மிக வலுவான பொது மரபுக் காரணியாக அமைந்தது தற்செயல் என்று யாருக்கும் தோன்றவில்லை. பின்னர் அடையாளம் காணப்பட்ட ஏபிசிஏ7, குளஸ்டெரின் போன்ற மரபணுக்களும் கொழுப்புப் போக்குவரத்தோடு உறவுடையவை. இதற்கெல்லாம் முன்பே, அலோயிஸ் அல்சைமர் 1907இல் எழுதிய குறிப்பிலேயே துணையணுக்களுக்குள் கொழுப்பு சேர்ந்திருப்பதைக் கண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மற்ற இரண்டையும், அதாவது படிவுகளையும் முடிச்சுகளையும், உலகம் பிடித்துக்கொண்டது; மூன்றாவதை நெடுங்காலம் மறந்துவிட்டது. மறதிநோயின் வரலாற்றில் இப்படி ஒரு மறதி.

ஆய்வுக்கூடமும் அதே திசையைக் காட்டியது. கொலஸ்ட்ரால் மிகுந்த தீனி கொடுத்து வளர்த்த முயல்களின் மூளையில், அல்சைமர் படிவுகளில் இருக்கும் அமிலாய்டு என்ற புரதம் சேர்வதை 1994இல் கண்டார்கள். 1998இல், வளர்ப்புத் தட்டில் இருந்த நரம்பணுக்களிலிருந்து கொலஸ்ட்ராலைக் குறைத்தபோது பீட்டா அமிலாய்டு உற்பத்தி குன்றியது. 2001இல் சிம்வாஸ்டாட்டின் கொடுத்த கினிப் பன்றிகளின் மூளையிலும் அமிலாய்டு குறைந்தது. இவ்வளவும் ஒரே வரிசையில் வந்து நின்றால், ஸ்டாட்டினை அல்சைமர் நோய்க்கு ஏன் கொடுத்துப் பார்க்கக் கூடாது என்று கேட்காமல் யாரால் இருக்க முடியும்?

#3 எண்ணும்எழுத்தும்

வேதிவாசகன் ஐயா நிறுத்திய இடத்திலிருந்து நான் தொடர்கிறேன், ஏனெனில் "ஆய்வுகளே சொல்கின்றன" என்ற பேச்சு 2000ஆம் ஆண்டில் பிறந்தது. அந்த ஆண்டு இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று அமெரிக்க மருத்துவமனைப் பதிவேடுகளை அலசி, லோவாஸ்டாட்டின் அல்லது பிரவாஸ்டாட்டின் எடுத்தவர்களிடையே அல்சைமர் நோய் 60 முதல் 73 விழுக்காடு வரை குறைவாகக் காணப்படுவதாகக் கூறியது. மற்றது பிரிட்டனின் பொது மருத்துவர் பதிவேடுகளிலிருந்து, 50 வயதைக் கடந்தவர்களில் ஸ்டாட்டின் பெற்றவர்களுக்கு டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதிநோய்கள்) வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைவு என்றது. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை, சந்தேகம்தான் வரும். இதய நோய்க்கென்றே செய்யப்பட்ட ஸ்டாட்டின், இதய நோயிலேயே அவ்வளவு பெரிய குறைவைக் காட்டியதில்லை.

இவை பதிவேட்டு ஆய்வுகள். யாருக்கு மாத்திரை கிடைக்க வேண்டும் என்பதை இவற்றில் ஆய்வாளர் முடிவுசெய்வதில்லை, வாழ்க்கை முடிவுசெய்கிறது. நினைவு தடுமாறத் தொடங்கிய முதியவருக்குப் புதிதாக ஒரு தடுப்பு மாத்திரை எழுதித் தர மருத்துவர் தயங்குவார். அவருக்கே அதை நாள்தோறும் மறவாமல் விழுங்குவது இயலாது. ஆகவே ஸ்டாட்டின் எடுப்பவர்களின் கூட்டத்தில் நினைவு நன்றாக இருப்பவர்களே மிகுதியாகச் சேர்கிறார்கள். மாத்திரை நினைவைக் காத்ததா, நினைவு மாத்திரையைக் காத்ததா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு பழைய சான்று உண்டு, அதுவும் கொலஸ்ட்ரால் மருந்தைப் பற்றியதுதான். ஸ்டாட்டினுக்கு முந்தைய குளோஃபைபிரேட் என்ற மருந்தை இதய நோயாளிகளிடம் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவை 1980இல் வெளியிட்டார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் 15 விழுக்காடு. அதே வெற்று மாத்திரையை ஒழுங்கின்றி எடுத்தவர்களில் 28 விழுக்காடு. வெற்று மாத்திரையின் மாவில் உயிர்காக்கும் சக்தி ஏதும் இல்லை. ஒழுங்காக மாத்திரை எடுப்பவர் மற்ற வகைகளிலும் தம்மைப் பேணுகிறவர் என்பதே விளக்கம்.

#4 ஐயப்பாடு

கணக்கு புரிகிறது. ஆனால் பதிவேட்டு ஆய்வுகள் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிடவில்லையே? ஏறத்தாழ 4 லட்சம் அமெரிக்க முதியோரின் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்த 2017ஆம் ஆண்டுக் கட்டுரை, ஸ்டாட்டினை அதிகம் பயன்படுத்திய பெண்களில் அல்சைமர் நோய் 15 விழுக்காடும் ஆண்களில் 12 விழுக்காடும் குறைவு என்று சொன்னது. முந்தைய எண்கள் மிகை என்றாலும், முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியுமா?

#5 எண்ணும்எழுத்தும்

70 என்று தொடங்கிய எண், ஆய்வு முறை திருந்தத் திருந்த 15க்கு இறங்கியிருக்கிறது. இன்னும் திருந்தினால் எங்கே நிற்கும் என்பதுதான் என் கேள்வி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மருந்து அல்சைமர் நோயைத் தடுக்கும் என்றும் இதே வகைப் பதிவேடுகள் ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தன. 65 வயதைக் கடந்த 4,532 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டினும் மறு பாதிக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. மருந்து எடுத்தவர்களிடையே டிமென்ஷியா இரு மடங்காயிருந்தது. குறையவில்லை என்பதல்ல, கூடியது. அதற்குப் பிறகு குலுக்கல் முறை ஆய்வு கைவசம் இருக்கும்போது பதிவேட்டின் பேச்சை நான் இரண்டாவதாகத்தான் கேட்பேன்.

#6 முதியோர்நலம்

முதியோர் மருத்துவத்தில் பணிபுரிகிறேன். குலுக்கல் முறை ஆய்வுகளின் விடை இருக்கிறது. அதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நோய் வந்தவருக்கு ஸ்டாட்டின் மருந்தாகுமா என்பது ஒன்று. நோய் வராதவருக்கு அது தடுப்பாகுமா என்பது வேறு. உறவினர் வீட்டுப் பேச்சிலும் செய்தித்தாள் தலைப்பிலும் இவை ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. மாலைவெயில் அம்மாவின் குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்கு: 2005இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் 63 நோயாளிகளின் விவரம் கணக்கிடப்பட்டது, அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் பெற்றவர்கள் ஆறாம் மாதத்தில் சற்று மேம்பட்டிருந்தார்கள். நம்பிக்கை பிறந்தது. அதையே பெரிதாகச் செய்து பார்த்த லீட் ஆய்வில், டோனெப்பெசில் எடுத்துவந்த 640 பேரில் ஒரு பாதிக்கு அதே 80 மில்லிகிராம் 72 வாரங்கள் கொடுக்கப்பட்டது. 2010இல் முடிவு வந்தபோது, அறிவாற்றல் தேர்விலும் அன்றாடச் செயல்பாட்டிலும் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்த ஆண்டு வெளியான கிளாஸ்ப் ஆய்வில் 406 பேருக்குப் பதினெட்டு மாதங்கள் சிம்வாஸ்டாட்டினோ வெற்று மாத்திரையோ தரப்பட்டது. மருந்து பெற்றவர்களின் இரத்தக் கொலஸ்ட்ரால் இறங்கியது. நோயின் வேகம் இறங்கவில்லை. உங்கள் தாயாரின் நிலையும் மருந்துச் சேர்க்கையும் லீட் ஆய்வில் இருந்தவர்களோடு ஏறக்குறைய ஒத்துப்போகின்றன, அம்மா. அளவைக் கூட்டினால் மறதி மட்டுப்படும் என்ற பேச்சுக்கு நேரான மறுப்பு அந்த ஆய்வுதான். அளவு கூடினால் தசைவலியும் மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் கூடும் என்பது வேறு.

#7 ஐயப்பாடு

சிகிச்சையாகப் பயன்படாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். பீட்டா அமிலாய்டு மூளையில் சேரத் தொடங்குவது அறிகுறி தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே. நரம்பணுக்கள் மடிந்த பிறகு கொலஸ்ட்ராலைக் குறைப்பது, வெள்ளம் வடிந்த பின் கரையை உயர்த்துவது போன்றது. தடுப்பு என்ற இரண்டாவது கேள்விக்கும் விடை எதிர்மறைதானா?

#8 முதியோர்நலம்

இரண்டு பெரிய ஆய்வுகள் உண்டு, இரண்டும் 2002இல் வெளிவந்தவை, இரண்டும் இதயத்துக்காகத் திட்டமிடப்பட்டவை. ஸ்காட்லாந்து, அயர்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் நடந்த புரோஸ்பர் ஆய்வில் 70 முதல் 82 வயது வரையிலான 5,804 பேருக்குச் சராசரியாக 3.2 ஆண்டுகள் பிரவாஸ்டாட்டின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்து நினைவையும் அவ்வப்போது சோதித்தார்கள். இரு பிரிவினரும் ஒரே வேகத்தில்தான் சரிந்தார்கள். பிரிட்டனின் இதயப் பாதுகாப்பு ஆய்வில் 20,536 பேர் ஐந்து ஆண்டுகள் இருந்தார்கள். டிமென்ஷியா என்று கண்டறியப்பட்டவர்கள் சிம்வாஸ்டாட்டின் பிரிவில் 31 பேர், வெற்று மாத்திரைப் பிரிவிலும் 31 பேர். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, முதுமையில் தொடங்கும் ஸ்டாட்டின் அறிவாற்றல் சரிவையோ டிமென்ஷியாவையோ தடுப்பதில்லை என்று 2016இல் முடிவுசெய்தது.

#9 ஐயப்பாடு

20,536 பேரில் 62 பேருக்குத்தான் டிமென்ஷியா என்றால், அந்த ஆய்வு டிமென்ஷியாவைத் தேடவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. வலையின் கண் பெரிதாக இருந்தால் மீன் சிக்காதது மீன் இல்லாததற்குச் சான்றாகாது. மூன்றோ ஐந்தோ ஆண்டுகள், அதுவும் முதிர்ந்த வயதில் தொடங்கி. நான் மேலே சொன்ன பதினைந்து இருபது ஆண்டுக் கணக்கோடு இது எப்படிப் பொருந்தும்?

#10 எண்ணும்எழுத்தும்

இந்த இடத்தில் ஐயப்பாடு அவர்களுக்கு ஒரு புள்ளி கொடுக்கத்தான் வேண்டும். இதயப் பாதுகாப்பு ஆய்வின் அந்த 31–31 கணக்கை எதிர்மறைச் சான்று என்று எடுப்பதைவிட, மெல்லிய சான்று என்று எடுப்பதே முறை. முதியோர் மருத்துவர் "தடுப்பதில்லை" என்று எழுதியது, "முதுமையில் தொடங்கிச் சில ஆண்டுகள் எடுத்தால்" என்ற தொடரோடு சேர்த்துப் படிக்கப்பட வேண்டியது. நடுவயதில் தொடங்கி இருபது ஆண்டுகள் எடுத்தால் என்ன என்பதற்குக் குலுக்கல் முறையில் விடை தேடுவது நடைமுறையில் இயலாத காரியம். இருபது ஆண்டுகள் வெற்று மாத்திரை விழுங்க ஒப்புக்கொள்ளும் பல்லாயிரம் பேரை எங்கே தேடுவது? அவர்களில் கொலஸ்ட்ரால் மிகுந்தவர்களுக்கு ஸ்டாட்டினை மறுப்பது அறமும் ஆகாது.

#11 வேதிவாசகன்

வயது என்ற புள்ளியைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனெனில் இந்த விவாதத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நாற்பதுகளில் மொத்தக் கொலஸ்ட்ரால் 240க்கு மேல் இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று, கலிஃபோர்னியாவில் 9,844 பேரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2009இல் காட்டியது. எழுபதைக் கடந்தவர்களிடம் கொலஸ்ட்ராலை அளந்தால் இந்த உறவு மங்கிவிடுகிறது. சில ஆய்வுகளில் தலைகீழாகவும் தெரிகிறது. டிமென்ஷியா வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே பலருக்கு உடல் எடையும் இரத்தக் கொலஸ்ட்ராலும் தாமாக இறங்கிவிடுகின்றன. ஆக, எழுபத்தைந்து வயதில் கொலஸ்ட்ரால் குறைவாக இருப்பது சிலருக்கு நலத்தின் அடையாளமாகவும் வேறு சிலருக்கு வரவிருக்கும் நோயின் நிழலாகவும் இருக்கலாம். லான்செட் மருத்துவ இதழின் டிமென்ஷியா ஆணைக்குழு 2024இல் தன் ஆபத்துக் காரணிப் பட்டியலை 14ஆக விரித்தபோது, புதிதாகச் சேர்த்த இரண்டில் ஒன்று எல்டிஎல் மிகுதி. அதையும் நடுவயதுக் காரணி என்றே வகுத்தது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், என் முதல் பதிவின் உற்சாகத்துக்கு நானே மருந்து போடும் வகையில். இரத்தக் கொலஸ்ட்ராலும் மூளைக் கொலஸ்ட்ராலும் தனித்தனிக் கணக்குகள் என்று எழுதினேன் அல்லவா? ஸ்டாட்டின் முக்கியமாக வேலை செய்வது கல்லீரலில். சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பில் கரையும் வகைகள் மூளைக்குள் ஓரளவு நுழைகின்றன. பிரவாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் போன்ற நீரில் கரையும் வகைகள் குறைவாக நுழைகின்றன. நுழைந்தாலும் மூளையின் கொலஸ்ட்ரால் மிக மெதுவாகப் புதுப்பிக்கப்படுவது; அதன் அரை ஆயுள் ஆண்டுக் கணக்கில் அளக்கப்படுவது. கினிப் பன்றிக்குக் கொடுத்த அளவை மனிதருக்குக் கொடுக்கவும் முடியாது. அப்படியானால் நடுவயதுக் கொலஸ்ட்ரால் எப்படித் தீங்கு செய்கிறது? இரத்தக் குழாய் வழியாக என்பதே எனக்கு ஏற்புடைய விடை. மூளையின் நுண்குழாய்கள் கெட்டு, சிறு பக்கவாதங்கள் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்ந்து, ஏற்கனவே அமிலாய்டு சேர்ந்துகொண்டிருக்கும் மூளையின் தாங்குதிறனை அரித்துவிடுகின்றன. முதியவர்களின் மூளையைப் பிணக்கூறாய்வில் பார்க்கும்போது இரண்டும் கலந்தே காணப்படுவது மிகச் சாதாரணம்.

#12 மாலைவெயில்

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. இரண்டாவது உறவினரின் பேச்சுக்கு விடை கிடைத்துவிட்டது. முதலாமவர் சொன்னதற்கு யாரும் இன்னும் வரவில்லை. ஸ்டாட்டினால் மறதி வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே எச்சரித்ததாக அவர் சொல்கிறார். அது உண்மையா?

#13 முதியோர்நலம்

எச்சரித்தது உண்மை, சொன்னது அதுவல்ல. 2012 பிப்ரவரியில் அந்நிறுவனம் ஸ்டாட்டின் மருந்துகளின் விவரக்குறிப்பில் சில மாற்றங்களைச் செய்யச் சொன்னது. சிலருக்கு நினைவு மங்குவதாகவும் குழப்பம் ஏற்படுவதாகவும் வந்த புகார்கள் அதில் சேர்க்கப்பட்டன. பொதுவாக அவை கடுமையானவை அல்ல, மருந்தை நிறுத்தினால் மறைபவை என்றும் கூடவே எழுதப்பட்டிருந்தது. அல்சைமர் நோய் மறைவதில்லை. ஆகவே அந்தக் குறிப்பு சொல்லும் மறதியும் உங்கள் தாயாருக்குக் கண்டறியப்பட்ட நோயும் ஒன்றல்ல. அதே ஆவணத்தில் இரத்தச் சர்க்கரை சற்று உயரலாம் என்ற குறிப்பும் இருந்தது; உண்மையில் அதற்குத்தான் சான்று வலுவானது, ஆனால் அதைப் பற்றி உறவினர்கள் பேசுவதில்லை.

கொலஸ்ட்ராலை மிகவும் குறைத்தால் மூளை வறண்டுபோகும் என்ற அச்சத்தையும் சோதித்துவிட்டார்கள். எவோலோகுமாப் என்னும் ஊசி மருந்து, ஸ்டாட்டினோடு சேர்ந்து எல்டிஎல் அளவைப் பலருக்கு 30க்கும் கீழே கொண்டுபோகும். அதை எடுத்தவர்களில் 1,204 பேரின் நினைவையும் கவனத்தையும் சுமார் 19 மாதங்கள் அளந்த எபிங்ஹவுஸ் ஆய்வு 2017இல் வெளிவந்தது; வெற்று ஊசி பெற்றவர்களிலிருந்து அவர்கள் வேறுபடவில்லை.

#14 எண்ணும்எழுத்தும்

சிறு திருத்தம், மருத்துவர் ஐயா. அந்த 1,204 என்பது மருந்து பெற்றவர்களும் வெற்று ஊசி பெற்றவர்களும் சேர்ந்த எண்ணிக்கை. 19 மாதம் என்பதும் குறுகிய காலம். எதிர்த்தரப்புச் சான்றிடம் காட்டிய அதே கண்டிப்பை நம் தரப்புச் சான்றிடமும் காட்ட வேண்டும்.

#15 முதியோர்நலம்

திருத்தத்தை ஏற்கிறேன். குறுகிய காலம் என்பதும் சரியே. மருத்துவமனையில் நான் பின்பற்றும் வழியைச் சொல்கிறேன்: ஸ்டாட்டின் தொடங்கிய சில வாரங்களிலேயே புதிதாக மந்தம் வந்ததாக ஒருவர் சொன்னால், அதை நான் தள்ளிவிடுவதில்லை, இதய ஆபத்து இடம்கொடுத்தால் சிறிது காலம் நிறுத்திப் பார்க்கிறேன், அல்லது வேறு வகை ஸ்டாட்டினுக்கு மாற்றுகிறேன். பல ஆண்டுகள் இடரின்றி எடுத்துவந்தவருக்கு மறதி மெல்ல மெல்ல வளர்ந்திருந்தால், அதை மாத்திரையின் தலையில் கட்டுவதற்கு முகாந்திரம் இல்லை. உங்கள் தாயாரின் வரலாறு இரண்டாவது வகையாகத் தெரிகிறது.

#16 ஐயப்பாடு

என் தரப்பில் எஞ்சியிருப்பதைச் சொல்லிவிடுகிறேன். 75 வயதைக் கடந்த 20,000 பேரிடம் அட்டோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராமைச் சோதிக்கும் நோக்கத்தோடு அமெரிக்காவில் 2020இல் தொடங்கிய ப்ரிவென்டபிள் ஆய்வு, இதயத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு, டிமென்ஷியாவும் நிரந்தர உடற்குறையும் இன்றி வாழ்வதையே முதன்மை அளவீடாக வைத்திருக்கிறது. வலையின் கண்ணைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். இரத்தக் குழாய் வழி என்ற வேதிவாசகன் ஐயாவின் விளக்கம் சரியென்றால், பலன் அல்சைமர் என்ற பெயரில் தெரியாமல் மொத்த டிமென்ஷியாவில் தெரியலாம். சிறிதாயினும் தெரியும் என்பது என் எதிர்பார்ப்பு.

#17 வேதிவாசகன்

எனக்கு அந்த அளவு எதிர்பார்ப்பு இல்லை. எழுபத்தைந்துக்குப் பின் தொடங்குவது தாமதம் என்று நீங்களே முன்பு வாதிட்டீர்கள். என் கண் வேறு பக்கம் இருக்கிறது. அபோ-ஈ மரபணுவின் நான்காம் வகை இரட்டையாக உள்ளவர்களின் மூளையில், மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்களுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்ந்து, அந்த அணுக்கள் அருகிலுள்ள நரம்பணுக்களுக்குத் தீங்கு செய்வதை 2024இல் காட்டியிருக்கிறார்கள். 1907இல் அல்சைமர் கண்ட கொழுப்புக்கு இப்போதுதான் முகவரி கிடைத்திருக்கிறது. அந்த இடத்தைத் தொடும் மருந்து வந்தால் அது கொழுப்பு மருந்தாக இருக்கும். ஆனால் கல்லீரலுக்காகச் செய்யப்பட்ட ஸ்டாட்டினாக இருக்காது.

#18 மாலைவெயில்

மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தேன். தாயாருக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பதால் ஸ்டாட்டின் இதயத்துக்காகவே தொடரட்டும், அளவை மாற்ற வேண்டாம் என்று சொன்னார். இந்தத் தகவலை முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும். மறதிநோயையே நினைத்துக்கொண்டிருந்ததில் விட்டுவிட்டேன். ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. நோய் முற்றிய பிறகும் இந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா?

#19 முதியோர்நலம்

ஸ்டென்ட் இருக்கிறது என்றால் உங்கள் மருத்துவர் சொன்னதே சரி. நானும் அதையே சொல்லியிருப்பேன். கடைசிக் கட்டத்தில் கணக்கு மாறும். ஓராண்டுக்குள் வாழ்நாள் முடியும் என்று மதிப்பிடப்பட்ட 381 நோயாளிகளிடம் ஸ்டாட்டினை நிறுத்திப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2015இல் வந்தது. நிறுத்தியவர்களிடையே இறப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடவில்லை. அவர்களின் வாழ்க்கைத் தரம் சற்று மேம்பட்டிருந்தது. விழுங்கவே சிரமப்படும் நிலையில், பல ஆண்டுகளுக்குப் பிறகு பலன் தரும் மாத்திரைக்கு இடமில்லை. உங்கள் தாயார் இப்போது அந்த நிலைக்கு வெகு தொலைவில் இருக்கிறார். விழுங்குவதில் தடுமாற்றம் தொடங்கினால், அப்போது எல்லா மாத்திரைகளின் பட்டியலையும் எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்; ஸ்டாட்டினை மட்டும் அல்ல.